தெரிந்தவர்களுக்கு அடிக்காது

என் கைக்கடிகாரம், அந்தக் கம்பெனி உலகத்துக்கே நாற்பது மட்டும் செய்த காலத்தில் நான் வாங்கியது. இரண்டு கடிகாரங்கள் அருகருகே வந்தால் இரண்டும் சன்னமாக மணியடிக்கும். முதன்முதலாக எனக்கு அடித்தது கோவை விமான நிலையத்தில். திரும்பினால் தமயந்தி நின்றிருந்தாள். அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அப்புறம் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அடித்தது.

இப்போது எவன் கையைப் பார்த்தாலும் அதே கடிகாரம். பஸ்ஸில் ஏறினால் பூஜை நேரத்துக் கோயில் மாதிரி இருக்கிறது. சாப்பாடு கொண்டுவந்தவன் கையை நீட்டி, "அண்ணா, நாமெல்லாம் ஒரே கம்பெனி" என்கிறான்.

பொறுக்காமல் கம்பெனிக்குப் புகார் செய்தேன். மறுநாள் தமயந்தி எதிரே வந்து நின்றும் மணியடிக்கவில்லை. மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"தொந்தரவைக் குறைச்சிருக்கோம் சார். இனி தெரிஞ்சவங்களுக்கு அடிக்காது, புது ஆளுங்களுக்கு மட்டுந்தான்."

"அவ என் பெண்டாட்டிம்மா."

"ஆறு மாசம் பிரிஞ்சிருந்தீங்கன்னா புது ஆளா எடுத்துக்கும் சார்."

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் தமயந்தி.

"ஆறு மாசம் அம்மா வீட்டுக்குப் போயிடறேன். மணியும் அடிக்கும், உங்க புலம்பலும் கேக்காது."

சிரிப்பாள் என்று பார்த்தேன். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.