ஆளுக்குப் பாதி

"நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க மாமா," என்றாள் ஹாலிதா. கௌஸ் முகைதீன் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீன வைத்தியர் எட்டிப் பார்த்துவிட்டு, போதும் மூடு என்று கையைக் காட்டினார்.

வைத்தியர் பேசுவதை ஹாலிதாதான் தமிழில் சொல்ல வேண்டும். தொண்டிப் பெண், சீனாவில் போய் டாக்டருக்குப் படித்தவள். போன முறை இவர்கள் வந்தபோதே கௌஸ் முகைதீன் மனைவி ஜுபைதாவோடு ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்திருந்தாள்.

ஜுபைதா பக்கத்தில் உட்கார்ந்து கௌஸ் முகைதீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துபாய் தேராவில் நாற்பது வருஷமாக மசாலாக் கடை வைத்திருக்கிற புருஷன், எந்த மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆள். அவருக்குப் போய் மறதி நோயா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

கடைச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பு. ஒரு நாள் அடுப்பில் கேஸ் திறந்தபடியே கிடந்து வீடே நாறியது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். யார் பார்த்த வேலை என்று கேட்டால், நான்தான் புள்ள, மறந்துட்டேன் என்கிறார்.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தப்பைக்கூட ஒத்துக்கொள்ளாத மனுஷன். ஷார்ஜா ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றபோதும் காரைத்தான் திட்டினார். அப்பேர்ப்பட்டவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுகிறார் என்றால், மூளை கலங்கியதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தாயிற்று, இதையும் ஒரு கை பார்ப்போம் என்று மகன் ஹஸ்னைன்தான் இந்த வைத்தியரைக் கண்டுபிடித்தான். அவர் கொடுத்த மருந்தை என்னவென்று சொல்வது. வேர், பட்டை, கூடவே காய்ந்த பூச்சி மாதிரி என்னமோ ஒன்று. ஹலால்தானா என்று குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் ஜுபைதா பொட்டலத்தையே தொட்டாள்.

கொதிக்க வைத்தால் மழையில் நனைந்த சாக்கு நாற்றம். பக்கத்து ஃபிளாட் பிலிப்பினோ பெண் கதவைத் தட்டி, உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனாள்.

அதைக் குடிக்க இவர் பண்ணுகிற அலும்பு அதற்கு மேல். நீ முதல் பாதி குடித்தால்தான் நான் மீதி குடிப்பேன் என்று ஒரே அடம். புதுசாகக் கல்யாணமானபோது ஒரே சஹன் தட்டில் சோறு சாப்பிட்டோமே, இப்போது என்ன கேடு வந்தது என்று வசனம் வேறு. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கித் தொலைப்பாள். மீதியை அவர் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காற்றாடக் குடித்துவிட்டு வருவார்.

இப்போது வைத்தியர் அவள் கையைக் கேட்டார். எனக்கு எதற்கு என்றாள். வந்ததற்கு நீயும் பார்த்துக்கொள், காசா பணமா என்றார் புருஷன். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடியவர், திறக்கிற வழியாகத் தெரியவில்லை. தூங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் கையை விட்டதும், ஜுபைதா மொழிபெயர்க்கிற பெண்ணின் பக்கம் திரும்பினாள். உன் பேர் என்னம்மா, எந்த ஊர் என்று கேட்டாள். என் பேர் ஹாலிதா, ஊர் தொண்டி மாமி என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"இவரு என்னைய மறந்துடுவாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா," என்றாள் ஜுபைதா. கடை போனால் போகட்டும், சாவி எந்த ஃப்ரிட்ஜில் கிடந்தால்தான் என்ன. ஒரு நாள் காலையில் எழுந்து, நீ யார் என்று இந்த மனுஷன் கேட்டுவிட்டால் அதை அவளால் தாங்க முடியாது.

ஹாலிதா கௌஸ் முகைதீனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். கேள்வி சீன பாஷையில் போனது. வைத்தியர் மூச்சு விடாமல் நீளமாக என்னென்னவோ சொன்னார். ஹாலிதா, மறக்க மாட்டாராம் மாமி என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று ஜுபைதாவுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

உடனே புருஷன் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை வெளியே சோபாவில் விட்டுவிட்டேன் போல, எடுத்துக்கொண்டு வாயேன் என்றார். இதோ, அடுத்தது ஆரம்பித்தாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் எழுந்து போனாள்.

சோபாவில் இல்லை, குனிந்து பார்த்தால் அடியிலும் இல்லை. முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது, கண்ணாடிக் கூடு அவளுடைய கைப்பைக்குள்ளேயே கிடந்தது. தன் கண்ணாடியை அடுத்தவர் பையில் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேட விடுகிற மனுஷனை என்ன செய்வது?

நன்றாக நாலு கேட்டுவிடுவது என்று திரும்பி வந்தவள், பாதி திறந்திருந்த கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலிதாவிடம் கேட்டார்.

"இப்ப உண்மையக் கேட்டுச் சொல்லும்மா. அவ என்னைய மறந்துடுவாளா?"