ஒரு புள்ளி கூடுதல்

புலிச்சோழியின் முதுகை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கைப்பேசித் திரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். எல்லாம் சோழியோடு பிறந்தவை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இல்லை என்கிறார் மச்சாது.

முகம் தெரியாத மனிதர். புகைப்படம் எடுப்பவர்களின் வாட்ஸப் குழுவில் இருப்பவர். குழுவில் மற்றவர்கள் ரொம்ப நல்லவர்கள். எதைப் போட்டாலும் அருமை என்பார்கள், கை கூப்புவார்கள். ஒருவர் தவறாமல் ரோஜாப்பூ அனுப்புவார். ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் நேற்று ஆறு சோழிப் படங்களைப் போட்டிருந்தாள்.

வீட்டில் ஒருவன் உள்ளதை உள்ளபடி சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

"கிளிஞ்சல வச்சு என்னத்தக் கிழிக்கப் போற?"

அன்றோடு புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது. சாப்பாடு மேசையில் இருக்கும். சட்டை கொடியில் இருக்கும். அவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருப்பதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறான்.

வா என்று அவன் சொல்லவில்லை. வரட்டுமா என்று இவளும் கேட்கவில்லை.

மச்சாது சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார். வெளிச்சம் பரவாயில்லை. சோழியின் வாயோரப் பற்கள் தெளிவாக இல்லை. முதுகில் ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் இடம் மாறுகிறது. அது புள்ளி அல்ல, பளபளப்பில் தெரியும் ஆள். உங்கள் பின்னால் யாரோ நிற்கிறார்கள். அடுத்த முறை நகரச் சொல்லுங்கள்.

இன்னும் பெரிதாக்கினாள்.

குனிந்திருக்கும் அவள். அவளுக்குப் பின்னால் சமையலறை வாசல்.

வாசலில் கடுகளவு கறுப்பு.

அவனுடைய கைலி. ஒரு படத்தில் கையில் டம்ளர். இன்னொன்றில் நிலையில் சாய்ந்திருக்கிறான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

எல்லாவற்றிலும் இருந்தான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு நின்றானா? காப்பி கேட்க வந்து, வாய் வராமல் நின்றானா? ஒவ்வொரு முறையுமா? கோபம் வந்தது. கோபம்தானா என்று சந்தேகமாகவும் இருந்தது. கண் எதற்குக் கலங்குகிறது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை காலை சோழியை அதே சமையல் மேடையில் வைத்தாள்.

குனிந்தாள்.

பின்கட்டில் வாய் கொப்பளிக்கும் சத்தம். பிறகு காலடி. பிறகு அதுவும் இல்லை.

சோழியில் ஒரு புள்ளி கூடியது.

நகரச் சொல்ல வேண்டும். மச்சாது சொன்னது நியாயம்தான், படம் கெடுகிறது.

கைப்பேசியைச் சோழிக்கு நேரே பிடித்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் முன்னால வாங்க. முகம் தெரியல."

புள்ளி அப்படியே நின்றது.

பிறகு, மெல்லப் பெரிதாகத் தொடங்கியது.