கைராசி

“நீங்க போன அன்னிக்குப் படுத்ததுதாண்ணா. இன்னும் எழுந்திருக்கவே இல்ல,” என்று போனில் அவள் அழுதாள்.

அவன் மீட்டிங் அறையை விட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டான். “அஞ்சு மாசமாவா? ஒரு அசைவுகூட இல்லையா?”

“துளிகூட இல்ல. சார் என் முகத்தைப் பார்த்துப் பேசியே ரெண்டு வாரம் ஆச்சு.”

படுத்தது ஆள் இல்லை, ஒரு கோடு. தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் யாரும் தொடாமலே தானாக நடுங்குகிறது என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்தவன் அவன்தான். படலம் நடுங்கினால் கணினித் திரையில் கோடு குதிக்கும். எட்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

அந்தப் பெயர் வந்த கையோடு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜராகப் போய்ச் சேர்ந்துவிட்டான். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற ஆப். உள்ளே பதினோரு பேர் உட்கார்ந்து, பதிவு செய்யும் பொத்தான் பச்சையா நீலமா என்று ஒன்றரை மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜர்னல்ல திரும்பச் செஞ்சு காட்டச் சொல்றாங்கண்ணா. மாசக் கடைசிக்குள்ள காட்டலன்னா நம்ம கட்டுரையை வாபஸ் வாங்கணும். என் பிஎச்டியே அதுமேலதானே நிக்குது?”

தன் ஆய்வை நம்பி வந்த ஒரு சின்னப் பெண்ணை நட்டாற்றில் விட்டுவிட்டு இங்கே வந்து பொத்தானுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். பல்வலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மதியமே கிளம்பினான்.

ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினான். கைக்குழந்தை தூங்குகிற வீட்டுக் கதவைப்போல அந்தக் கதவை மெல்லச் சாத்தவேண்டும். நடுக்கத்தை அளக்கிற அந்தக் கருவி அவ்வளவு ரோஷக்காரி.

மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் தலையைத் தூக்கினார். “வாங்க மேனேஜர் சார். பொத்தானெல்லாம் சௌக்கியமா?”

“மன்னிச்சிடுங்க சார்.”

“என்கிட்ட எதுக்கு? அதோ நிக்கிறா பாரு, அவகிட்ட கேளு.”

அவளைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. குனிந்து அவளுடைய நோட்டைப் புரட்டினான். அவன் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன முறையில் ஒரு புள்ளி பிசகாமல் செய்திருந்தாள்.

“முதல்ல படலம் இல்லாம வெறும் தட்டை ஓட்டிப் பார்த்தியா?”

“பார்த்தேண்ணா. கோடு நேரா இருந்தது. படலத்தை வச்சாலும் அதே நேர்க்கோடுதான்.”

“சரி, விடு. ஒருதடவை நான் ஓட்டுறேன்.” வெறும் தட்டை வைத்து சுவிட்சைத் தட்டினான். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்காரப் போனாள்.

“வெறும் தட்டுல பார்க்க என்ன இருக்கு? அது பாட்டுக்கு ஓடட்டும், வா, காபி குடிச்சிட்டு வரலாம். நான் எப்பவும் இப்படித்தான்.”

திரும்பி வந்தபோது திரையில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலக் கோடு. அது சரிதான், அப்படித்தான் இருக்கவேண்டும். தட்டை எடுத்துவிட்டுப் படலத்தை வைத்தான். இனிமேல்தான் உயிர் போகிற கட்டம். நாற்காலியைக் கருவி இருந்த மேசையோடு ஒட்டிப்போட்டு உட்கார்ந்து, வந்துவிடு, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தான்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் கோடு லேசாகச் சிலிர்த்தது. அப்புறம் குதித்தது பாருங்கள், குதி குதியென்று!

“வந்துடுச்சு! அண்ணா, வந்துடுச்சு!” அவள் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். “உங்க கைராசிண்ணா! சத்தியமா உங்க கைராசிதான்!”

அவனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. “நான் போயிருக்கவே கூடாது சார். வேளைக்கு வீட்டுக்குப் போகலாம், நிம்மதியாத் தூங்கலாம்னு ஆசைப்பட்டு உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு ஓடிட்டேன். பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

பேராசிரியர் திரையைக்கூடப் பார்க்கவில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கே அந்த வேலையை ராஜினாமா பண்ணிட்டு வந்துடுறேன் சார். இவ பிஎச்டி முடியற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு நகரமாட்டேன்.”

அவர் எழுந்து வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். எட்டு வருடத்தில் ஒருதடவைகூட அவனைத் தட்டிக்கொடுக்காத மனிதர். மன்னித்துவிட்டார் என்று நினைத்து அவன் விம்மினான்.

“ஐயையோ! கோடு நின்னுடுச்சே!” அவள் பதறிப்போய்த் திரையைத் தொட்டாள். “இப்பத்தானே ஆடிச்சு? என்ன சார் ஆச்சு?”

அவர் கையை எடுக்காமலே சொன்னார்:

“ஒண்ணுமில்லம்மா. இவன் காலாட்டிட்டு இருந்தான், பிடிச்சு நிறுத்தினேன்.”