மூன்றாவது பிணம்

போர்ப் புகைப்படக் கண்காட்சியில் கூட்டமெல்லாம் அந்த ஒரு படத்தின் முன்னால்தான். உடைந்த பீரங்கி, அதைச் சுற்றி ஐந்து சிப்பாய்களின் பிணங்கள். சண்டை நடந்த காலத்தில் எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் போட்ட படம். எடுத்த போட்டோகிராபர் பக்கத்திலேயே நின்று, வந்த பாராட்டில் ஒன்றைக்கூடக் கீழே விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பிணத்தைப் பார்த்து ஒரு வயதான அம்மா அழ ஆரம்பித்தபோது போட்டோகிராபருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அழுகை ஓயவில்லை என்றதும் கூட்டம் நழுவத் தொடங்கியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்க பையனாம்மா?"

"ஆமா தம்பி. மூத்தவன்."

போட்டோகிராபர் குரலைத் தாழ்த்தினார். "அழாதீங்கம்மா. வெளிய சொல்லிடாதீங்க, அன்னிக்கு அங்க சண்டையே நடக்கல. ஆளுக்கொரு சிகரெட் குடுத்து நான்தான் படுக்க வெச்சேன். ரத்தம்னு தெரியுதே, அது லாரி ஆயில். படம் எடுத்ததும் எல்லாரும் தூசியத் தட்டிட்டு எழுந்து போயிட்டாங்க. உங்க பையன் சாகலம்மா!"

"தெரியும் தம்பி. இதோ நிக்கிறானே."

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற தொப்பைக்காரர் கூச்சத்துடன் தலையாட்டினார்.

"அப்புறம் எதுக்கும்மா அழறீங்க?"

"பேப்பர்ல இந்தப் படத்தப் பாத்துட்டு, அண்ணனக் கொன்னவங்கள சும்மா விடமாட்டேன்னு சின்னவன் அன்னிக்கே பட்டாளத்துல போய்ச் சேர்ந்தான். திரும்பி வரல. அவன் செத்துக் கிடந்தப்ப படம் எடுக்க அங்க யாரும் இல்லையாம் தம்பி. அதான், இதையே பாத்து அழுதுட்டுப் போறேன்."