அரை டேங்க்

ஸ்கூட்டர் அக்கா மஞ்சள் கேனோடு பட்டறை வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தார். கேன் நிறைய பெட்ரோல். ஆறு வருடத்துக்கு முன்னால், "உன் பட்டறையைக் கொளுத்தாம விடமாட்டேன்" என்று இதே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள் அவள்.

எதிர்க் கடை டயர்க்காரர் பதறிப்போய் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வாளியில் மணல் இல்லை, பழைய நட்டும் போல்ட்டும்தான் இருந்தன.

அக்கா கேனை மேஜைமேல் வைத்தாள். "பயப்படாதீங்க, தீப்பெட்டி கொண்டுவரல."

டயர்க்காரர் அசடு வழிந்துகொண்டே திரும்பிப் போனார்.

"உட்காருங்கக்கா" என்றார் மெக்கானிக்.

"சின்னவன் ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓட்டறான். அவன் அண்ணனோட அதே வண்டி. அழுதும் பார்த்தாச்சு, சாப்பிடாம கிடந்தும் பார்த்தாச்சு, கேக்கல. அந்த வண்டிக்குச் சரியான பெட்ரோலை நீங்கதான் பார்த்துக் கலக்கித் தரணும்."

"நானா?"

"சூடு பட்டவர் நீங்க. இனிமே ஒரு சொட்டுகூட அளவு தப்பாது."

அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். அதன் இன்ஜினுக்கென்று தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகிற எண்ணெய்தான் உயிர். ஐந்து லிட்டருக்கு அளவு டம்ளரால் இரண்டு டம்ளர். அது குறைந்தால், போகிற வேகத்தில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்று, ஓட்டுகிறவனைத் தூக்கி எறியும்.

அக்காவின் பெரியவன் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ரேஸில் அப்படித்தான் செத்துப்போனான். டேங்கில் மிச்சமிருந்ததைச் சோதித்தவர்கள், இருக்கவேண்டிய எண்ணெயில் பாதிதான் இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு டம்ளர் ஊத்தினேன்" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. போகப் போக அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ரேஸ் வண்டி எதையும் தொடவில்லை. பஞ்சரும் செயினும்தான் பிழைப்பு.

கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "எப்ப வாங்கினது?"

"இன்னிக்குக் காலையில. இருக்கிறதுலயே ஒசந்த ரகமாக் கேட்டு வாங்கினேன்."

"நல்லதாப் போச்சு. சாதா பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஒத்துவராது, உள்ளே டக்டக்னு தட்ட ஆரம்பிச்சுடும். நாள்பட்டதும் ஆகாது, வீரியம் போயிடும்."

அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். "இது புகை கம்மியா வரும், தெருவுல ஓட்டச் சரி. ரேஸுக்கு ஆமணக்கு எண்ணெய்தான். எவ்வளவு சூட்டுலயும் காலை வாராது."

அளவு டம்ளரால் எண்ணெயைக் கேனில் ஊற்றினார். சத்தமாகவே எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு. நீங்களும் எண்ணினீங்கதானே?"

"எண்ணினேன் தம்பி."

தம்பி! அந்த வார்த்தையைக் கேட்டு ஆறு வருடமாகிவிட்டது. மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களைச் சபிக்காத நாள் இல்ல" என்றாள் அக்கா. "ஆமா, என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே மனசு ஆறியிருக்கும்."

அவர் கேனை மூடிக் குலுக்கினார். செய்ததாக ஞாபகமே இல்லாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது?

"இந்த அஞ்சு லிட்டர் போதும்க்கா. டேங்க் பாதிதான் வரும். கனம் குறைஞ்சாத்தான் வண்டி பறக்கும்."

"பாதியா? நடுவுல நின்னுட்டா?" அக்கா பதறினாள். "அன்னிக்கும் இப்படித்தான் பாதி வெச்சிருந்தீங்க. நீங்க ரேஸுக்குப் பேர் பதியப் போயிருந்தப்ப நான் மூடியைத் திறந்து பார்த்தேன், மனசு கேக்கல. என் ஸ்கூட்டருக்குன்னு கொண்டுபோயிருந்த வெறும் பெட்ரோலை அப்படியே ஊத்திவிட்டேன். இதே கேன்தான், ஒரு கேன் முழுசா."

மெக்கானிக் குலுக்குவதை நிறுத்திக் கேனை மேஜைமேல் வைத்தார்.

"அவன் வயித்தையும் நிரப்பி, வண்டி வயித்தையும் நிரப்பித்தான் அனுப்பினேன். அப்படியும் எனக்குக் கொடுத்து வைக்கலையே தம்பி."

அவர் மஞ்சள் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் கலந்தது ஐந்து லிட்டர்; கலக்காதது ஐந்து லிட்டர். அப்படியானால் எண்ணெய் பாதி அளவுதான் இருக்கும். அன்றைக்கு அவர் அளவு தப்பவே இல்லை. தெருவுக்கு ஓடி, டயர்க்காரரிலிருந்து ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அக்கா புடவைத் தலைப்பால் கேனில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் துடைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து ஊத்தறேன்க்கா" என்றார் மெக்கானிக். "வேற யாரும் டேங்கைத் தொட வேண்டாம்."

துடைத்த கை நின்றது. "ஏன் தம்பி? அன்னிக்கு நான் ஊத்தினதால ஏதாவது...?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஆறு வருடமாக யார் கேட்டும் சொல்லாததை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லக்கா. அன்னிக்கு நான் ஒரு டம்ளர்தான் ஊத்தினேன்."