யாரோ போட்ட பூட்டு

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து இறங்கி வந்தவள், கட்டடத்தின் பின்பக்க சைக்கிள் ஷெட்டில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் சைக்கிளில் அவள் பூட்டு இருந்தது. பக்கத்திலேயே அவளுடையதல்லாத இன்னொரு பூட்டும் இருந்தது. கட்டைவிரல் பருமனில், புத்தம் புதுசு.

கூரியர் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. ஊரார் பார்சல் தொலைந்ததற்கெல்லாம் வாரம் பூராவும் திட்டு வாங்குகிறவளுக்கு, தன் பொருளுக்கே ஆபத்து என்றதும் யாரிடம் கத்துவதென்று தெரியவில்லை. விடிந்தால் சைக்கிள் குழுவோடு முந்நூறு கிலோமீட்டர் சவாரி. அவளுக்கு அதுதான் முதல் நெடுந்தூரம். பழைய வண்டிதான், ஆனால் அவள் வீட்டில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் தன் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள்.

சைக்கிள் குழுவின் வாட்ஸப்பில் படம் எடுத்துப் போட்டாள். உடனே கேப்டன் கூப்பிட்டார். குழுவுக்குத் தலைவர் என்பதால் கேப்டன். மற்றபடி டைல்ஸ் வியாபாரி.

"தொடாதம்மா. அது திருடன் போட்ட பூட்டு. எடுக்க முடியாம நீ விட்டுட்டுப் போவே. ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வந்து ரெண்டையும் அறுத்து ஓட்டிட்டுப் போயிடுவான்."

"அப்ப யாரையாவது கூப்பிட்டு வெட்டி எடுத்துடறேன் சார். காலைல கிளம்பணுமே."

"வெட்டினா சைக்கிள் கிடைக்கும். திருடன் கிடைப்பானா?"

அந்த வருடம் குழுவில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் களவு போயிருந்தன. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று கேப்டன் அழைப்பு விட்டதும், அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் பறந்து வந்தார்கள். எல்லாம் ஒற்றை விரலில் தூக்கக்கூடிய வண்டிகள். கேப்டன் வண்டியின் விலைக்கு அவள் வீட்டில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடுவார்கள். இதே ஆட்கள்தான் போன வாரம் அவள் சைக்கிளைப் பார்த்து, தாத்தா சொத்தா என்று கேட்டவர்கள். இன்று அதைக் காப்பாற்ற வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார்கள். அவளுக்குக் கொஞ்சம் மனசு இளகியது.

இளகிய மனசு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வந்ததும் வராததுமாக எல்லார் கண்ணும் வாட்ச்மேன் மேல்தான் போனது. கேட்டில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் எவன் உள்ளே வந்து பூட்டியிருக்க முடியும் என்றார் ஒருவர். இவனுக்கும் பங்கு போகும் என்றார் இன்னொருவர்.

"கூரியர் ஆபீஸ் சார் இது. பார்சலோட நூறு பேரு வந்து போவாங்க. அண்ணன் எத்தனை பேரைத்தான் பார்ப்பாரு?" என்றாள்.

"உனக்கு உலகம் தெரியாதும்மா" என்றார் கேப்டன்.

அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அவள் அப்பாவும் காக்கிச் சட்டை போட்டு ஒரு கேட்டில் நின்றவர்தான். சொல்ல வாயெடுத்தவள், நாளைய சவாரியை நினைத்து விழுங்கிக்கொண்டாள். விழுங்கியதற்காகத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

கேப்டன் திட்டம் வகுத்தார். ஷெட்டைப் பார்த்தபடி இருக்கும் பார்சல் அறைக்குள் எல்லாரும் ஒளிந்துகொள்வது. ஷெட்டில் கூட்டமாக வண்டி நின்றால் திருடன் உஷாராகிவிடுவான். எனவே பன்னிரண்டையும் முன்பக்கம், கேட்டை ஒட்டிய மதில் ஓரம் சாய்த்து வைப்பது. பூட்டக் கூடாது. திருடன் ஓடினால் ஏறித் துரத்த வேண்டாமா? வாட்ச்மேனின் போனைப் பிடுங்கி, அவரையும் உள்ளே கூட்டிவந்து கண்ணெதிரே உட்கார வைப்பது.

ஆளில்லாத கேட்டைப் பார்த்தாலும் திருடனுக்குச் சந்தேகம் வருமே என்று ஒரு பிரச்சினை கிளம்பியது. அதற்கும் ஆள் இருந்தார். குழுவில் சேர்ந்து இரண்டு மாதமே ஆனவர். ஆனால் ஹெல்மெட், கண்ணாடி, ஷூ என்று கேப்டனையே தூக்கிச் சாப்பிடும் தோரணை. பாவம், தூசி ஆகாது. பார்சல் அறையில் கால் வைத்ததுமே அடுக்கடுக்காகத் தும்மினார்.

"நீங்க உள்ள இருந்தா தும்மியே காரியத்தைக் கெடுத்துடுவீங்க. வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கிட்டுக் கேட்ல உட்காருங்க. நம்ம வண்டிகளுக்கும் காவலாச்சு" என்றார் கேப்டன்.

அறைக்குள் புழுக்கம். ஜன்னல் இடுக்கில் அவள் சைக்கிள் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து வாசல் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. வாட்ச்மேன் எழுந்தார்.

"சார், கேட்டைத் திறக்கிறாங்க. இந்நேரத்துக்கு வண்டி எதுவும் வராது."

கேப்டன் அவர் தோளை அமுக்கினார். "உன் கூட்டாளிக்குச் சத்தம் காட்டறியா? உட்காருய்யா." ஆள் வந்து பூட்டில் கை வைக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சைகை செய்தார்.

யாரும் அசையவில்லை. கேட் பக்கமிருந்து ஒரு தும்மல்கூட இல்லை. மனிதர் எப்படித்தான் அடக்கிக்கொண்டிருக்கிறாரோ என்று அவளுக்கே பரிதாபமாக இருந்தது.

ஷெட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பயல் மோப்பம் பிடித்துவிட்டான், வண்டிகளை எடுங்கள், துரத்தலாம் என்று கேப்டன் முதல் ஆளாக ஓடினார்.

கேட் விரியத் திறந்து கிடந்தது. ஸ்டூல் மேல் தொப்பி மட்டும் இருந்தது. மதில் ஓரம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

வாட்ச்மேன் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "என் போனைக் கொடுத்தீங்கன்னா போலீசைக் கூப்பிடறேன் சார்" என்றார்.

அந்த வளாகத்திலேயே பத்திரமாக நின்றது ஒரே ஒரு சைக்கிள்தான்; அதற்குத்தான் திருடரே நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தாரே.