துணிமேல் சோறு

அவன் ஏணியில் நின்று துணியைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

புளிய இலை. பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது. ஷூட்டிங்கில் ஹீரோ நிழல் கேட்டதால், டிரைவரான அவன் கேரவனை இந்த மரத்தடியில் நிறுத்தியிருந்தான்.

பொத்தானை அழுத்தினால் கேரவனின் பக்கச் சுவர் வெளியே தள்ளும். உள்ளே ஹீரோவின் அறை பெரிதாகும். தள்ளிய பகுதிக்கு மேலே கூரை போல ஒரு துணி விரியும். அறையை உள்ளே இழுத்தால் துணி சுருண்டுகொள்ளும். மேலே ஒரு சுள்ளி கிடந்தாலும் போதும். அதையும் சேர்த்துச் சுருட்டும். கிழியும்.

ஏற்கெனவே ஒரு துணி போய்விட்டது. இதுவும் போனால் சாவியை வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி.

இலையைப் பெருக்கிவிடலாம்.

காக்கையை என்ன செய்வது? நகம். அலகு. தையலாகப் பார்த்துக் கொத்தும்.

முந்தாநாள் காஸ்ட்யூமரிடம் ஒரு கறுப்பு சாக்ஸ் கேட்டு வாங்கினான். வைக்கோலைத் திணித்தான். கேரவன் உச்சியில் தலைகீழாகத் தொங்கவிட்டான்.

செத்த காக்கை மாதிரியே இருந்தது. காக்கைகளும் அப்படித்தான் நினைத்தன. ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூடி அழுதுவிட்டுப் போயின. அதன்பின் வரவில்லை.

அவனுக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

இன்று ஆடி அமாவாசை.

ஹீரோவின் அப்பா இறந்தபின் வரும் முதல் ஆடி அமாவாசை. அப்பாவுக்கு வைத்த சோற்றைக் காக்கை எடுக்காமல் ஹீரோ சாப்பிடமாட்டார். சாப்பிடாமல் நடிக்கமாட்டார். அவர் சாப்பிடாததால் யூனிட்டில் யாரும் சாப்பிடவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

லைட் பெட்டியின் மேல் வாழையிலை போட்டு, எள் கலந்த சோறும் வடையும் வைத்தார்கள்.

ஒரு காக்கைகூட இல்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் குழந்தைவேலு கைகளைக் குவித்து, கா கா என்றார். உதவி இயக்குநர்கள் கா என்றார்கள். லைட்மேன்கள் கா என்றார்கள். காமெடி நடிகர் அசல் காக்கையாகவே கத்தினார். ஒரு நாய் வந்தது. விரட்டினார்கள்.

அவனும் கா என்றான்.

மெதுவாக.

வெயில் சாய்ந்தது. கேமராமேன் வானத்தையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேனேஜர் அண்ணாந்தார். சாக்ஸைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

அவன் ஏறி சாக்ஸை அவிழ்த்தான்.

சற்று நேரத்தில் ஒரு காக்கை வந்தது. துணியின் மேல் உட்கார்ந்தது. கீழே இருந்த சோற்றைப் பார்த்தது. சுற்றி நின்ற நூறு பேரையும் பார்த்தது.

இறங்கவில்லை.

சோற்றை மேலே வைக்கச் சொன்னார் மேனேஜர்.

"துணி போயிடும்ணே," என்றான்.

"படமே போயிடும்டா."

இலையோடு ஏறினான். விரிந்த துணியின் நடுவில் வைத்தான். தன் கையாலேயே.

பத்துப் பதினைந்து வந்தன. வடைக்குச் சண்டை நடந்தது. அவன் துணிக்கு அடியில் நின்று பார்த்தான். தலைக்கு மேல் கால்கள் நிழலாக நடந்தன. ஒவ்வொரு அடிக்கும் அவன் தோள் சற்றுக் குறுகியது.

ஹீரோ வெளியே வந்தார். மேலே பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கினார். உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவன் சாப்பிடவில்லை.

ஷாட் முடிந்தது. இருட்டுவதற்குள் கேரவன் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அறையை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குமுன் பருக்கை இல்லாமல் துணியைத் துடைக்க வேண்டும். துடைப்பத்தோடு ஏணியில் ஏறினான்.

துணி தப்பித்திருந்தது. அங்கங்கே கீறல், அவ்வளவுதான்.

ஒரே ஒரு காக்கை மட்டும் மிச்சம். ஓரத் தையலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நூல் நீண்டுகொண்டே வந்தது.

துடைப்பத்தை ஓங்கினான்.

"அப்பா இன்னும் போகலையா?"

கீழே ஹீரோ. கும்பிட்ட கை இறங்கவில்லை.

அவன் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஏணியில் சாய்ந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான்.

காக்கையின் பக்கம் லேசாகக் குனிந்தான்.

"ஐயா, அது சோறு இல்லீங்க. தையலுங்க."